சின்னது விழுங்கிய கடைசி வரி

1

இந்தக் கதை என் மண்டையில் தானாக உதித்ததில்லை. சித்தி கேட்டு வாங்கியது. தையல்காரரிடம் துணியைக் கொடுத்து அளவு சொல்கிற மாதிரிதான் சொன்னாள். சித்தப்பா இறந்து, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தாள்.

"நீதான் கதை கிதையெல்லாம் எழுதுறியே. எனக்கு ஒண்ணு எழுதிக் கொடு. அவர் ஒரு வாக்கியத்தப் பாதியில விட்டுட்டுப் போயிட்டார். அத முடிச்சுக் கொடு, போதும்."

சித்தப்பா உயிரோடு இருந்தபோதே வாக்கியங்களை முடித்தவரில்லை. "நாளைக்கு நான் அந்தப் பக்கம்..." என்று ஆரம்பிப்பார், அப்படியே செருப்பைத் தேடப் போய்விடுவார். மீதியை ஊகிப்பது நம் தலையெழுத்து. ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் செய்தார். மதியச் சாப்பாட்டு நேரம். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் சித்தி உட்கார்ந்திருந்தாள். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, "அந்தக் கடைசி வரி... நீ..." என்றார். அதற்குள் நர்ஸ் வந்து, சலைன் பாட்டில் மாத்தணும், கொஞ்சம் வெளியே இருங்கம்மா என்றார். சித்தி வெளியே போனாள். திரும்பி வந்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

எந்தக் கடைசி வரி என்று சித்திக்குத் தெரியும். அதில் அவளுக்கு அவர் சொல்லவந்தது என்ன என்பதுதான் தெரியாது. அது பழியா, மன்னிப்பா, வேறு ஏதாவதா? அந்த ஒன்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

2

தொடக்கங்கள்:

"மழை பெய்த ஒரு மாலையில், கம்ப்யூட்டர் திரையின் பச்சை எழுத்துகள் அவள் கண்ணீரில்..."

(சித்தியிடம் வாசிக்கக் கொடுத்தேன். ஓரத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பித் தந்தாள்.)

"பேசாத காதலுக்குத்தான் ஆழம் அதிகம் என்று..."

(சிவப்பு. ஒட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.)

"ஒரு பழைய வீட்டில், சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல் இருந்தது."

(ஸ்டிக்கர் எதுவும் இல்லை. தொடரலாம் என்று எடுத்துக்கொண்டேன்.)

3

அந்தப் பழைய வீடுதான் அவர்களுடைய அலுவலகம். கீழே டயர் கடை, மேலே இவர்கள். சித்தியும் சித்தப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

அங்கே செய்தது ஓர் இயங்குதளம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கம்ப்யூட்டரை எழுப்பியதும் மற்ற எல்லோருக்கும் முன்னால் எழுந்து, யார் யார் எங்கே உட்காரவேண்டும், யாருக்கு எவ்வளவு இடம் என்று பார்த்துக்கொள்ளும் மென்பொருள் அது. வீட்டில் முதலில் கண் விழித்து அடுப்பைப் பற்றவைக்கும் ஆள் மாதிரி. நன்றாக வேலை செய்யும்வரை யாரும் அதைக் கவனிப்பதில்லை.

அந்தக் காலத்தில் ஒன்று ரொம்பப் பிரபலம். பெரிய நிறுவனங்களிலும் பெரிய கல்லூரிகளிலும், அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் இயந்திரங்களில் ஓடியது. சின்ன ஆட்கள் வாசலில் நின்று எட்டிப்பார்க்கலாம், அவ்வளவுதான். சித்தியின் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. அதே மாதிரி நடந்துகொள்ளும் ஒன்றை முதல் எழுத்திலிருந்து நாமே எழுதி, மேஜை மேல் வைக்கும் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி பிளாப்பியில் போட்டு, செங்கல் கனத்துக்கு ஒரு கையேட்டோடு பெட்டியில் அடைத்து, கடையில் விற்றால் என்ன? அலுவலகத்தில் அசலுக்குப் 'பெரியது' என்று பேர். இவர்கள் செய்ததற்குச் 'சின்னது'. நானும் அப்படியே சொல்கிறேன்.

(இரண்டின் உண்மைப் பெயர்களையும் சொல்லமாட்டேன். பெரியதைப் பற்றி வரப்போகும் குறையும் என் கற்பனை. வக்கீல்களும் கதை படிக்கிறார்கள்.)

வக்கீல் என்றதும் ஞாபகம் வருகிறது. முதலாளிக்கு ஒரு வக்கீல் இருந்தார். அவர் வகுத்ததுதான் எல்லாம். பெரியது வெளியே எப்படி நடந்துகொள்கிறது என்று கையேட்டைப் பார்த்து எழுதினால் தப்பில்லை. அதன் உள்ளே எழுதியிருக்கும் நிரலைப் பார்த்து எழுதினால் திருட்டு. ஆகவே உள்ளே பார்த்தவர்கள் யாரும் எழுதக்கூடாது. சித்தப்பா பார்க்காதவர். சித்தியோ பார்த்தவள். அவள் படித்த கல்லூரியில் பெரியதின் நிரலைப் பாடமாகவே நடத்தினார்கள், அவளுக்கு அது தலைகீழ்ப்பாடம்.

அதனால் பார்க்காதவர்களெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து எழுதினார்கள். சித்தி மட்டும் தனியாகப் பழைய சமையலறையில். நடுவே, ஒரு காலத்தில் அந்த வீட்டுக்காரர்கள் தட்டுகளை நீட்டிய அந்தச் சின்ன ஜன்னல். கூடத்திலிருந்து பிளாப்பி அதன் வழியாக வரும். சித்தி கையேட்டில் இருக்கிற சோதனைகளை மட்டும் பெரியதிலும் சின்னதிலும் ஓட்டிப் பார்ப்பாள். இரண்டும் ஒன்றாக நடந்துகொண்டால் பச்சை ஸ்டிக்கர். வேறாக நடந்துகொண்டால் சிவப்பு. ஏன் வேறு, எங்கே வேறு என்று சொல்லக்கூடாது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் கட்டிய புருஷனாக இருந்தாலும் சரி, ஸ்டிக்கரை ஒட்டி நீட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளவேண்டும்.

வீடு மட்டும் விதிவிலக்கா? வக்கீல் இரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டார். வேலையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சத்தியம் வாங்காத குறை. "கல்யாணத்தன்னைக்குக்கூட நான் இவ்வளவு பயந்து தலையாட்டல" என்றாள் சித்தி.

4

சிவப்பு வந்த நாளில் அவர் வீட்டில் நடைபோடுவார். வாசலிலிருந்து பின்கட்டுவரை, பின்கட்டிலிருந்து வாசல்வரை. என்ன பிசகு என்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் சித்திக்கு நன்றாகத் தெரியும். நாக்கு நுனிவரை வரும். தண்ணீர் குடித்து விழுங்கிவிடுவாள். அப்புறம் குழாய் ஒழுகுவதைப் பற்றி, பக்கத்து வீட்டு நாயைப் பற்றி, எதைப் பற்றியாவது பேசுவாள். அந்த நாயைப் பற்றி உலகத்திலேயே அதிகம் பேசிய தம்பதி அவர்களாகத்தான் இருக்கும்.

பச்சை வந்த நாளில் அவர் ஐஸ்கிரீம் வாங்கி வருவார். எதற்கு என்று சொல்லமாட்டார். அவளும் கேட்கமாட்டாள். ஒட்டியவளே அவள்தானே.

இந்தப் பத்தியை நான் இன்னும் நீட்டி எழுதியிருந்தேன். சந்தோஷமாக இருந்தார்கள் என்று ஒரு வரியும் இருந்தது. சித்தி சிவப்பு ஒட்டினாள். சந்தோஷமாக இல்லை என்று அர்த்தமா, அதை எழுதக்கூடாது என்று அர்த்தமா என்று கேட்டேன். அடுப்படிக்கு எழுந்து போய்விட்டாள். சித்தப்பா பட்ட பாடு அப்போதுதான் எனக்கு உறைத்தது.

5

இப்போது அந்தக் குறை.

பெரியதில் வரிசைப்படுத்தும் கருவி ஒன்று இருந்தது. பெயர்களையோ சாமான்களையோ வரிக்கு ஒன்றாகக் கொடுத்தால் எழுத்து வரிசைப்படி அடுக்கித் தரும். ஒவ்வொரு வரியையும் எண்டர் தட்டி முடிக்கவேண்டும். கடைசி வரியை முடிக்காமல் விட்டால், அந்தக் கருவி அதை வரியாகவே மதிக்காது. விழுங்கிவிடும். எச்சரிக்கை ஒன்றும் கிடையாது. கையேட்டிலும் இது இல்லை. நிரலை உள்ளே பார்த்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

சின்னதில் அந்தக் கருவியை எழுதியவர் சித்தப்பா. பேச்சில் வாக்கியத்தை முடிக்கமாட்டாரே தவிர வேலையில் அவரைப்போல் கவனமான ஆள் கிடையாது. பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார்.

சின்னதின் முதல் பதிப்பு வெளிவந்தது. பெட்டிகள் கடைகளுக்குப் போயின. அதற்குப் பிறகு ஒரு விடுமுறை நாள் மதியம் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா, "சாயங்காலம் நாம ரெண்டு பேரும்..." என்று ஆரம்பித்துவிட்டு வழக்கம்போல அப்பளத்தில் இறங்கிவிட்டார். சித்திக்கு அன்றைக்கு என்ன எரிச்சலோ.

"கடைசி வரிய இப்படி முடிக்காம விட்டீங்கன்னா அது காணாமயே போயிடும். பெரியதுலயே அப்படித்தான்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சித்தப்பாவின் கை தட்டிலேயே நின்றது. அவளை ஒரு பார்வை பார்த்தார். கோபமில்லை. என்ன பார்வை என்று சொல்லத் தெரியவில்லை என்றாள் சித்தி. அப்புறம் சாப்பிட்டு முடித்து, எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் இரண்டு பேரும் எங்கேயும் போகவில்லை.

6

அடுத்து இரண்டாம் பதிப்பு வந்தது. நன்றாக விற்றது. நன்றாக விற்றதுதான் வினை. பெரியதின் சொந்தக்காரர்கள் ஓர் ஆளை அனுப்பினார்கள். அமைதியான மனிதர், வந்தவுடன் காபி கேட்டார், சின்னதை உட்கார்ந்து தட்டிப்பார்த்தார். நான் இந்த இடத்தில் அவரை வில்லனாக்கப் பார்த்தேன், சித்தி விடவில்லை. ரொம்ப மரியாதையான மனுஷன் என்றாள்.

அந்த மரியாதையான மனுஷன் சில வரிகளை எழுதி, கடைசி வரியை முடிக்காமல் விட்டு, வரிசைப்படுத்தச் சொன்னார். சின்னது கடைசி வரியை விழுங்கியது.

சரியாகச் செய்ததை இரண்டு பேர் தனித்தனியாகச் சரியாகச் செய்யலாம். இரண்டு பேரும் அதே இடத்தில் அதே மாதிரி தப்புச் செய்தால்? எல்லோருடைய கண்ணும் அந்தச் சின்ன ஜன்னல் பக்கம் திரும்பியது. உள்ளே பார்த்தவள் ஒருத்திதான் இருந்தாள்.

சித்தி வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா எழுந்தார். அன்றைக்கு மட்டும் வாக்கியத்தை முழுசாகச் சொன்னார்.

"அவங்க காலேஜ் பேப்பர்லாம் பரண்மேல இருந்துச்சு, அவங்களுக்குத் தெரியாம நான்தான் எடுத்துப் பார்த்தேன்."

பரண்மேல் அப்படி ஒரு காகிதமும் இல்லை. எல்லாவற்றையும் அவள் கல்லூரியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். அது சித்திக்குத் தெரியும், சித்தப்பாவுக்கும் தெரியும்.

அவர் வேலையை விட்டார். இரண்டாம் பதிப்பைத் திரும்பப் பெற்றார்கள். விவகாரம் அத்தோடு முடிந்தது. நிரல் எழுதும் வேலையை அவருக்கு யாரும் தரவில்லை. ஒரு ஜெராக்ஸ் கடை வைத்தார். நகல் எடுப்பதில் நமக்கு அனுபவம் உண்டே என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கேட்டவர்களும் சிரிப்பார்கள். சித்தி எழுந்து உள்ளே போய்விடுவாள். பிறகு அதே மாதிரி இன்னொரு இயங்குதளத்தை எங்கேயோ யாரோ இலவசமாகவே கொடுக்கத் தொடங்கினார்கள். சின்னதைச் சீந்த ஆளில்லை. டயர் கடைக்கு மேலே இருந்த அலுவலகத்தை மூடினார்கள். பெட்டிகள் எங்கே போயினவோ.

வீட்டில் வேலையைப் பற்றிப் பேசக்கூடாது என்று வக்கீல் சொன்னாரில்லையா? வேலை போன பிறகும் அவர்கள் அதை மீறவில்லை. அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அன்றைக்கு நீ ஏன் சொன்னாய் என்று அவரும் கேட்கவில்லை. நாய் செத்துப்போய், பக்கத்து வீட்டுக்காரர்களும் காலிசெய்து போன பிறகு பேசுவதற்கு இன்னும் குறைந்துவிட்டது.

(சித்தி இங்கே என்னைச் சந்தேகப்பட்டாள். அவள் அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்காததைப் பற்றி நான் கடுமையாக எழுதுவேன் என்று நினைத்திருக்கவேண்டும். நான் எழுதவில்லை. அவளே மனசுக்குள் எழுதிக்கொண்டதைவிடக் கடுமையாக எனக்கு வராது.)

7

ஆக, முடிவுகள். அவர் விட்ட வாக்கியத்தை மூன்று விதமாக முடித்துக் கொடுத்தேன்.

"அந்தக் கடைசி வரி நீ சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது."

சித்தி இதை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தாள். சிவப்பு.

"அந்தக் கடைசி வரி நீ சொல்றதுக்கு முன்னாடியே நான் எழுதினது. என் தப்புதான்."

இதற்கு அவள் பச்சையை எடுத்தாள். எடுத்து, விரல் நுனியிலேயே வைத்துக்கொண்டு, கடைசியில் மறுபடி ஸ்டிக்கர் அட்டையிலேயே ஒட்டிவிட்டுச் சிவப்பை உரித்தாள். "நீ எனக்காக எழுதுற" என்றாள்.

"அந்தக் கடைசி வரி நீ மறந்துடு."

இதில் சித்தப்பாவே இல்லை, ஏதோ சினிமாவில் சாகிற ஆள் பேசுகிறார் என்றாள். சிவப்பு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நடந்தது என்ன என்று தெரியாமல் நான் எப்படி எழுத, உங்க வீட்டுக்காரர் மனசுக்குள்ள நான் என்ன குடியா இருந்தேன் என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் பொறி தட்டியது. மனசு தெரியாவிட்டால் போகிறது. நடந்தது என்ன என்று பார்க்க வழி இருந்தது. சாப்பாட்டு மேசையில் அவள் அதைச் சொன்னது முதல் பதிப்புக்குப் பிறகு, இரண்டாம் பதிப்புக்கு முன்னால். முதல் பதிப்பும் கடைசி வரியை விழுங்கினால், அது சித்தப்பா தானாகச் செய்த பிசகு. சித்திமேல் ஒரு பாவமும் இல்லை. விழுங்காவிட்டால்...

8

செத்துப்போன இயங்குதளங்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரை இணையத்தில் பிடித்தேன். அவர் அங்கே தனக்கு வைத்துக்கொண்ட பேர் 'துரு'. சின்னதின் இரண்டு பதிப்புகளும் அவரிடம் இருந்தன. பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கிற ஒரு மென்பொருளையும் சேர்த்து அனுப்பினார். அதை என் மடிக்கணினியில் போட்டால், அதற்குள் சின்னது எழுந்துகொள்ளும்.

சித்தி காலையிலேயே வந்துவிட்டாள். முதலில் இரண்டாம் பதிப்பை ஓட்டினேன். கறுப்புத் திரையில் ஒற்றைக் கோடு துடித்தது. நான் தட்டுகிறேன் என்றேன். அவள் என்னை நகரச் சொன்னாள். இத்தனை வருஷம் கழித்தும் விரல்கள் கட்டளைகளை மறக்கவில்லை. சோப்பு, நூல், பல்பு என்று ஆங்கில எழுத்தில் வரிக்கு ஒன்றாக அடித்தாள். பல்புக்குப் பிறகு எண்டர் தட்டவில்லை. வரிசைப்படுத்தச் சொன்னாள். நூல் வந்தது, சோப்பு வந்தது. பல்பைக் காணோம்.

பிறகு முதல் பதிப்பு. அதே மூன்று சாமான். அதே மாதிரி கடைசியை முடிக்காமல் விட்டாள். கட்டளையை அடித்துவிட்டு, ஓட்டுவதற்கு முன்னால் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

பல்பு, நூல், சோப்பு. மூன்றும் வந்தன.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் எனக்குக் கதை மறந்துவிட்டது. தப்பாகிவிட்டதே, இதைப் போய்ப் பார்க்கவைத்தோமே என்றுதான் இருந்தது. சித்தப்பா தானாகப் பிசகவில்லை. சரியாக எழுதியிருந்தார். சித்தி அன்றைக்கு அதைச் சொன்ன பிறகு, போய், சரியாக இருந்ததைப் பெரியது மாதிரியே தப்பாக மாற்றியிருக்கிறார்.

சித்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அன்னைக்கு அவரத் திட்டத்தான்டி செஞ்சேன். நான் ஏதோ கொடுக்கிறேன்னு அவர் நினைச்சுட்டார்."

எனக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. சிவப்பும் பச்சையும் தவிர எதையும் தராத பெண்டாட்டி, ஒரே ஒரு தடவை விதியை மீறி, தனக்காக ஜன்னலுக்கு உள்ளேயிருந்து ஒரு வார்த்தையை எடுத்து நீட்டியிருக்கிறாள் என்று அந்த மனுஷன் எடுத்துக்கொண்டார். வாங்காமல் விட அவருக்கு மனசு வரவில்லை. அவள் கொடுத்ததை அப்படியே கொண்டுபோய் நிரலில் வைத்தார். கேட்க ஆள் வந்தபோது, கொடுத்தவளைக் காட்டிக்கொடுக்கவும் மனசு வரவில்லை. அதற்காக வாழ்நாள் முழுக்க ஜெராக்ஸ் எடுத்தார்.

சித்தி அழுதாள். முதல் தொடக்கத்தில் நான் எழுதிய மாதிரி இல்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு, ஐயோ கடவுளே, ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே, கேட்டிருக்கலாமே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கேட்காமல் இருந்தது அவர் மட்டுமா என்று நான் சொல்லவில்லை. ஓய்ந்த பிறகு, இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுதிக்கோ என்றாள்.

கிளம்புவதற்கு முன்னால் மறுபடி அதன்முன் உட்கார்ந்தாள். முதல் பதிப்பே திறந்திருந்தது. பழைய சாமான்களை அடித்தாள். நான்காவது வரியாக, ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தாள்: அந்தக் கடைசி வரி நீ. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எண்டர் தட்டவில்லை. வரிசைப்படுத்தச் சொன்னாள்.

வந்தது. எழுத்து வரிசைப்படி அதுதான் எல்லாவற்றுக்கும் முதலில் வந்து நின்றது. அதற்குக் கீழே பல்பு, நூல், சோப்பு.

சித்தி அதை வாய்க்குள் ஒரு தடவை படித்தாள். நான் முடித்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

9

இதன் பிரதி ஒன்றைச் சித்திக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னும் திரும்பி வரவில்லை. எந்த நிறம் வரும் என்று தெரியாது. வாசிக்கிற நீங்கள் அந்த வாக்கியத்தை மனசுக்குள் முடித்துப் பார்த்திருப்பீர்கள், எனக்குத் தெரியும், நானும் தினமும் முடித்துப் பார்க்கிறேன். உங்களுடையதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் சொல்லவேண்டாம், சித்தியிடம் கண்டிப்பாகச் சொல்லவேண்டாம்.

நானும் என் கடைசி வரியை முடிக்காமல்தான் விடப்போகிறேன். பெரியதில் வாசிக்கிறவர்களுக்கு அது வந்து சேராது. இது உங்கள் கண்ணில் படுகிறதென்றால் நீங்கள் வாசிப்பது, சித்தி வாய் திறப்பதற்கு முன்னால், எங்கள் சித்தப்பா தன் கையால் சரியாக எழுதிய